படம் திறந்தால் கண் மூடுகிறது

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "கொஞ்சம் இருங்க, டீ சொல்லிட்டு வாரேன்" என்று எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தினால் அல்ல. எனக்குச் சிரிப்பு வந்துவிடும், சொல்கிறவர் மனம் புண்படும், அதனால். திண்டுக்கல்லில் பாதி ஆயுளாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பிலிம் காலத்தில் இருட்டறைக்குள் தனியாக நின்று படம் கழுவியவன். அப்போதுகூட என் முதுகுக்குப் பின்னால் யாரும் வந்து மூச்சு விட்டதில்லை. விட்டிருந்தால் படம் ஊறுகிற மருந்துத் தட்டைக் கொஞ்சம் ஆட்டச் சொல்லியிருப்பேன், கைக்கு ஓய்வு கிடைத்திருக்கும்.

ஆகவே நான் சொல்லப்போவதை நம்புங்கள் என்று கேட்க எனக்கு உரிமை கிடையாது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்நேரம் டீ சொல்லப் போயிருப்பேன்.

இன்னொன்று. யோக்கியமான பேய்கள் நடுராத்திரியில் வரும். எனக்கு நடந்தது சித்திரை வெயிலில், மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, தெருவில் ஐஸ் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு போகும்போது. பயந்து அலறுவதற்கு இதைவிட அவமானமான நேரம் கிடையாது.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. பிலிம் காலத்துப் பழைய லென்ஸ்களைத் தேடி வாங்கி, நடுவில் ஒரு அடாப்டர் வளையத்தைப் போட்டு, இப்போதைய டிஜிட்டல் கேமராவில் மாட்டிப் படம் எடுப்பேன். புது லென்ஸ் இருக்கிறதே, அது முகத்திலுள்ள ஒவ்வொரு குழியையும் எண்ணி ஒப்படைக்கும். பழைய லென்ஸ் பெரிய மனசு பண்ணிப் பாதியை விட்டுவிடும். ஓரமெல்லாம் கரைந்து, வெளிச்சம் பால் பொங்கினதுபோல் லேசாக வழிந்து நிற்கும். நடுவயதைத் தாண்டிய எவரும் புது லென்ஸுக்கு முன்னால் போய் உட்காரக் கூடாது என்பது என் கட்சி.

அப்படித்தான் அந்த லென்ஸ் வந்தது. மூடிப்போன ஒரு ஸ்டுடியோவின் சாமான்களை, அதை நடத்திய பெரியவரின் மகன் ஒழித்துக்கொண்டிருந்தார். "அப்பா சாவுப் படமெல்லாம் இதுலதாண்ணே எடுத்தாரு" என்று கையில் கொடுத்தார்.

சாவுப் படம் என்றால், எங்கள் பக்கம் சில குடும்பங்களில் இன்னும் உண்டு. அடக்கத்துக்கு எடுத்துப் போகுமுன் பெட்டியைச் சுற்றிக் குடும்பம் முழுவதும் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள், வரமுடியாமல் போன சொந்தங்களுக்காக. அந்தப் பெரியவர் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அழுறவுக கொஞ்சம் நிறுத்திட்டுக் கண்ண நல்லாத் தொறந்து வைங்கப்பா, இல்லாட்டி நாளைக்குப் படத்துல செத்தது யாருன்னு தெரியாமப் போயிரும்" என்பாராம். அழுதுகொண்டிருந்தவர்களுக்கே சிரிப்பு வந்துவிடுமாம். பார்க்காமலேயே எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. ஜோக் என்றாலும் தொழில் தெரிந்தவரின் ஜோக். அந்தப் படங்களில் ஒரே ஒருவருக்குத்தான் கண் மூடியிருக்க வேண்டும்.

லென்ஸைத் துடைத்து, முதன்முதலாக நான் எடுத்துப் போனது முருகேசன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு. முருகேசன் பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சு. சின்னாளபட்டித் தறிக்காரக் குடும்பம், இவன் சுங்குடிச் சேலை வியாபாரம். இந்த உலகத்தில் என்னைத் திட்டுவதற்கு என் மனைவி ஸ்டெல்லாவுக்கு அடுத்தபடியாக உரிமை படைத்தவன்.

விருந்தாட்கள் வருவதற்கு முன்னால் அவனை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"ஏலே சேவி, என்னடா லென்ஸு இது? தறிக்கு எண்ணெ விடுற டப்பா மாதிரி இருக்கு?"

"நீ வாய மூடு, கண்ணத் தொற."

"பொண்ணக் குடுக்கப் போறவன்டா. கொஞ்சம் சோகமா எடு."

"ஒன் மூஞ்சிக்குத் தனியா சோகம் வேற வேணுமா?"

நாலைந்து படம் எடுத்தேன். அவன் எழுந்து வந்து கேமராவைப் பிடுங்கினான். "நீ எப்பயும் பின்னாடியே நிக்கிற. இம்புட்டு வருசத்துல எந்த விசேசப் படத்துலயாவது நீ இருக்கியா? ஒக்காரு, நான் எடுக்குறேன்." பழைய லென்ஸில் தூரத்தைக் கையால்தான் திருகி வைக்க வேண்டும். நானே திருகி வைத்து, "இந்த வளையத்தத் தொடாத, மூச்ச அடக்கி அமுக்கு, போதும்" என்று சொல்லிவிட்டு அதே நாற்காலியில், அதே வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். அவன் எடுத்த அந்தப் படத்தில் நான் ஏதோ கலெக்டர் மாதிரி இருந்தேன். பிறகு விசேஷத்தில் குடும்பப் படங்கள் சிலவற்றையும் அதே லென்ஸில் எடுத்தேன், மற்றதெல்லாம் என் வழக்கமான புது லென்ஸில்.

சில நாள் கழித்து ஆல்பம் வேலைக்கு உட்கார்ந்தேன். ஸ்டுடியோ என் வீட்டு மாடியில்தான். கீழே ஸ்டெல்லா, பள்ளிக்கூட லீவு, டீச்சரம்மா டிவியைப் பார்த்துக்கொண்டே அடுப்படி வேலையில் இருந்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இது புரியாவிட்டால் என் பயம் உங்களுக்குப் புரியாது. நாங்கள் எடுப்பது 'ரா' படம். கேமரா கண்டது கண்டபடி, உப்புப் போடாத, தாளிக்காத படம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெளிச்சம், நிறம் எல்லாம் நாங்கள் சேர்ப்போம். எவ்வளவு சேர்த்தாலும் அந்த மூலப் படம் மாறாது, அது அப்படியே கிடக்கும். அந்த ராவோடு கேமரா தன் பங்குக்குச் சமைத்த சின்னப் படம் ஒன்றையும் ஒட்டி வைத்திருக்கும். நாம் படத்தைத் திறந்ததும் முதலில் தெரிவது அந்தச் சின்னப் படம்தான். ஓரத்தில் ஒரு வட்டம் சுற்றும், சுற்றி முடிந்ததும் அது விலகி உண்மையான படம் வந்து உட்காரும். இரண்டும் ஒரே நொடியில், ஒரே கண்ணாடி வழியாகப் பதிந்தவை. இரண்டும் வேறு வேறாக இருக்க வழியே கிடையாது.

முருகேசன் படத்தைத் திறந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் என்னைப் பார்த்தான். வட்டம் சுற்றியது. உண்மையான படம் வந்தது. கண் மூடியிருந்தது.

சிமிட்டியிருக்கிறான், சனியன் என்று அடுத்ததைத் திறந்தேன். பார்த்தான். வட்டம் சுற்றியது. மூடிக்கொண்டான். அதற்கடுத்ததும் அப்படியே. குடும்பப் படத்துக்குப் போனேன். அவன் மனைவி தனலட்சுமி, மகள், மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் முழித்துக்கொண்டு நிற்க, நடுவில் இவன் மட்டும் பார்த்தான், மூடினான். புது லென்ஸில் எடுத்த படங்களில் ஆந்தை மாதிரி விழித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தான். பழைய லென்ஸ் படங்களில் மட்டும், நான் திறக்கும்போதெல்லாம் முருகேசன் என்னைப் பார்ப்பான், அப்புறம் பார்ப்பதை நிறுத்திவிடுவான்.

மத்தியானம் தின்ற பிரியாணிமேல் முதலில் சந்தேகப்பட்டேன். எழுந்து முகம் கழுவினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வட்டம் சுற்றுவதற்குள் போனில் திரையைப் படம் பிடித்தேன், போனில் விழுந்த படத்திலும் கண் மூடித்தான் இருந்தது. நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள், "ஸ்டெல்லா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கரண்டியோடு மாடி ஏறி வந்தாள்.

"என்னங்க? பாம்பா?"

"முருகேசனப் பாரு. கண்ணத் தொறந்து தொறந்து மூடுறான்."

அவள் வந்து பார்த்தபோது படம் முழுசாக வந்திருந்தது. "மூடித்தான இருக்காரு. அண்ணன் கண்ணு சிமிட்டிட்டாரு போல. இதுக்கா இம்புட்டுக் கத்து? நான் ராத்திரிக்குச் சட்டியில வெஞ்சனத்தப் போட்டுட்டு வந்துருக்கேன்." போய்விட்டாள்.

அவள் இறங்கிப் போன பிறகுதான் அந்தப் பெரியவரின் ஜோக் நினைவுக்கு வந்தது. குடும்பம் மொத்தமும் கண்ணைத் திறந்துகொண்டு நிற்கிற படம். நடுவில் ஒருவனுக்கு மட்டும் மூடியிருக்கிறது. என் தலையில் மயிர் குறைவு. இருந்த அத்தனையும் எழுந்து நின்றது.

முருகேசனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. தனலட்சுமிக்குப் போட்டேன்.

"அவரு பழனிப் பக்கம் கீரனூருக்குப் பத்திரிக வைக்கணும்னு காலையிலயே வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாருண்ணே. வெயில்ல போகாதீகன்னு சொன்னா, கேட்டாத்தான. என்னண்ணே, கொரலு ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லம்மா. ஆல்பத்துல ஒரு சந்தேகம்."

வேறு என்ன சொல்வது? உன் புருஷன் என் கம்ப்யூட்டரில் கண்ணை மூடிக்கொண்டே இருக்கிறான், பழனி ரோட்டில் போய்த் தேடு என்றா?

மறுபடி அவனுக்குப் போட்டேன். மறுபடியும். லென்ஸ் மேஜைமேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மூடியைத் தேடினேன், கிடைக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து அதன்மேல் கவிழ்த்தேன். சிரிக்காதீர்கள். கவிழ்த்த பிறகு நிஜமாகவே கொஞ்சம் தைரியம் வந்தது.

பயந்தவன் சாமி கும்பிடுவான், இல்லையென்றால் ஓடுவான். நான் மவுஸைப் பிடித்தேன். என் கைக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். கல்யாண ஆல்பங்களில் தினம் நடப்பதுதான். எந்தக் குடும்பத்திலும் ஒரு மாமா எல்லாப் படத்திலும் தூங்குவார், வேறொரு படத்திலிருந்து அவர் கண்ணையே வெட்டி எடுத்து இதில் வைத்துத் திறந்துவிடுவோம். முருகேசன் கண்ணைத் திறந்துவிட வேண்டும். அதனால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. அவன் கண் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புது லென்ஸ் படத்திலிருந்து அவன் கண்ணை எடுத்து வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. பழைய லென்ஸின் பூப்போன்ற முகத்தில் அந்தக் கூர்மையான கண் பொம்மைக்கு வைத்த கோலிக்குண்டு மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. பார்க்க இன்னும் பிணமாக இருந்தது. அதே லென்ஸ், அதே ஜன்னல், அதே நாற்காலியில் திறந்த கண் வேண்டும். அப்படி ஒரே ஒரு படம்தான் இருந்தது. அவன் எடுத்த என் படம்.

அடுத்தவர் கண்ணை ஒருவருக்கு நாங்கள் வைக்கவே மாட்டோம். தோஷம் என்பதால் அல்ல, முகஜாடை மாறிப்போகும், வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அன்றைக்கு எனக்கு அந்த நினைப்பெல்லாம் இல்லை. என் கண்ணை வெட்டினேன். முருகேசன் முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, இமை ஓரமாக வைத்து, கருப்பைக் கொஞ்சம் ஏற்றி, ஓரத்தைக் கரைத்தேன். கை நடுங்கியதில் மவுஸ் அம்பு எங்கெங்கோ ஓடியது. ஒருவழியாகப் பொருந்தியது. முருகேசன் என் கண்ணால் என்னைப் பார்த்தான். அது திரும்ப மூடவில்லை.

உடனே போன் போட்டேன். இந்தத் தடவை எடுத்தார்கள். குரல் அவனுடையது அல்ல.

"ஏனுங்க, இந்தப் போன்காரரு உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

"சிநேகிதன். நீங்க யாரு? அவன் எங்க?"

"ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல மூட்ட ஏத்துறவனுங்க. வண்டிய ஓரங்கட்டிட்டு எறங்குனாரு, அப்படியே சாஞ்சுட்டாருங்க. தண்ணி தெளிச்சுப் பாத்தோம், தட்டிப் பாத்தோம், மூச்சுப் பேச்சே இல்லீங்க. முடிஞ்சுபோச்சுன்னு மூஞ்சில துண்டப் போட்டு மூடிக்கூட வுட்டுட்டோமுங்க." "இப்பத்தானுங்க, துண்டுக்குள்ள என்னமோ அசைஞ்சுது. எடுத்துப் பாத்தா கண்ணத் தொறந்து வெறிக்க வெறிக்கப் பாக்குறாருங்க. ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏத்துறோமுங்க, வந்துருங்க."

நான் நாற்காலியிலிருந்து எழுந்ததாகத்தான் நினைத்தேன். பார்த்தால் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

தனலட்சுமியை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவனுக்குக் கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. வெயில், வெறும் வயிறு, சர்க்கரை என்று டாக்டர் வரிசையாகச் சொன்னார், நல்ல வேளை என்றார். தனலட்சுமி அவனை முடிந்தமட்டும் திட்டி அழுது முடித்து, காபி வாங்க வெளியே போனாள். நான் ஏதாவது ஜோக் அடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"சேவி. நீ மத்தியானம் என்னடா பண்ணிக்கிட்டு இருந்த?"

"ஏன்?"

"ஒரே இருட்டு. அப்புறம் என் மொகத்த நானே பாக்குறேன். சொவரு அகலத்துக்குப் பெருசா. கண்ணோரத்துல சின்னதா ஒரு அம்பு ஊர்ந்துக்கிட்டே இருக்கு. ஒரு கையி தெரியுது, அது நடுங்குது. என் கையி இல்லடா, மோதிரம் போட்ட கையி." என் கையைப் பார்த்தான். நான் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். "பக்கத்துல ஒரு டம்ளரக் கவுத்து வச்சிருந்துச்சு. எதுக்குடா டம்ளரக் கவுத்து வச்ச?"

அவனிடம் எதையும் மறைத்ததில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

வீட்டுக்கு வந்து விளக்கையெல்லாம் போட்டு, ஸ்டெல்லாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, முருகேசனின் படத்தைத் திறந்தேன். நான் ஒட்டு வேலை பார்த்த படம் அல்ல, அந்த மூலப் படம், யாரும் மாற்ற முடியாத ரா. என்னைப் பார்த்தான். வட்டம் சுற்றியது. உண்மையான படம் வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தான், அவன் கண்ணாலேயே. அடுத்தது, அதற்கடுத்தது, குடும்பப் படம், எல்லாவற்றிலும் கண் திறந்திருந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஸ்டெல்லாவைக் கட்டிப்பிடித்தேன். அவள், "இந்தாளுக்கு இன்னைக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று விலக்கிவிட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில் என் படத்தையும் திறந்தேன். கலெக்டர் மாதிரி பார்த்தேன். வட்டம் சுற்றியது. படம் வந்தது. இமை பாதி இறங்கியிருந்தது.

முழுசாக மூடவில்லை. மத்தியான பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தவனுக்கு இருக்குமே, அந்த மாதிரி பாதி.

"இந்தப் படம் இப்படியா இருந்துச்சு?" என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"நீங்க எப்பயுமே இப்படித்தான இருக்கீக" என்றாள்.

அழித்துவிடலாமே என்பீர்கள். அழித்தால் எனக்கு என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்லுங்கள், உடனே அழிக்கிறேன். சரி, வேறொரு கண்ணை வெட்டி அதில் வைத்துத் திறந்துவிடலாமே என்பீர்கள். யாருடைய கண்ணை வைப்பது? உங்களுடையது தருவீர்களா? இந்த இடத்தில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். லென்ஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். விற்கவும் மனமில்லை, வாங்குகிறவர் என்ன பாவம் செய்தார்.

முருகேசன் மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அவனும் தேறிவிட்டான், பழையபடி தின்றான், பழையபடி திட்டினான். ஒருநாள் சாயங்காலம் ஸ்டுடியோவுக்கு வந்தான். இமை பாதி இறங்கிய என் படத்தைப் பற்றி அவனிடம் சொல்லியிருந்தேன், அதற்குப் பிறகு நான் அதைத் திறக்கவே இல்லை என்றும் அவனுக்குத் தெரியும்.

"தொற. நான் பாக்குறேன்."

"வேணாம்டா."

"இமை மேல போயிருக்கா, கீழ போயிருக்கான்னு தெரியாம எத்தன நாளு செத்துச் செத்துப் பொழைப்ப? நீ அங்கிட்டுத் திரும்பிக்க. நான் பாத்துச் சொல்றேன்."

எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். கல்யாண மண்டபத்தில் கோபித்துக்கொண்ட சின்ன மாமனார் மாதிரி சுவரைப் பார்த்தபடி. மவுஸைச் சொடுக்குகிற சத்தம் கேட்டது. வட்டம் சுற்றும் நேரம் இருக்கிறதே, அது இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டதுபோல் இருந்தது, அது என்னுடைய மூக்காகவும் இருக்கலாம். பிறகு மறுபடி சொடுக்குகிற சத்தம். நான் திரும்பியபோது படத்தை மூடிவிட்டிருந்தான்.

"நல்லா இருக்குடா" என்றான். "தொறந்துதான் இருக்கு. கலெக்டர் மாதிரியே இருக்க."

தோளில் தட்டினான். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். டீ வேண்டாம் என்று முருகேசன் சொல்லி நான் கேட்டதே இல்லை.

நம்பினேன். ஏன் நம்பக்கூடாது? அவன் என்னிடம் பொய் சொல்லமாட்டான்.

ஆனால், காரியம் இல்லாமல் யாருக்கும் போன் போடாத அந்தக் கஞ்சன், மறுநாளிலிருந்து விடிந்ததும் எனக்குப் போன் போடுகிறான். ஒருநாள் தவறவில்லை. நான் குளித்துக்கொண்டிருந்தால் ஸ்டெல்லாவுக்குப் போட்டு, என்னைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருக்கிறான். நான் எடுத்து "என்னடா?" என்பேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்" என்று வைத்துவிடுவான்.

இன்றைக்கும் போட்டான்.